ஜாஸ் ஊகிப்பு விளையாட்டுக்கு ஒரு குறிப்பு

ஜாஸ் ரசிகர்கள் இணையத்தில் ஆடும் விளையாட்டு இது: ஒருவர் பெயர் சொல்லாமல் சில இசைப்பதிவுகளைப் போடுவார், வாசிப்பது யார் என்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். 'பிளைண்ட்ஃபோல்ட் டெஸ்ட்' என்பார்கள். ஜாஸ் விமர்சகர் லியனார்ட் ஃபெதர் 1946-இல் மெட்ரோனோம் இதழில் இசைக்கலைஞர்களையே உட்காரவைத்துத் தொடங்கியது, அப்புறம் டவுன்பீட் இதழுக்குப் போனது.

எடுத்த எடுப்பில் பெயரைத் தேடாதீர்கள். முதலில் காலத்தைப் பிடியுங்கள். மூன்று நிமிடத்தில் முடிந்து, கரகரப்பும் இருந்தால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய (78 ஆர்.பி.எம்.) இசைத்தட்டாக இருக்கலாம். அதைவிட நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டு வந்ததே 1948-இல்தான்.

அடுத்து ஆளின் தொனி. அதே டெனர் சாக்ஸபோன்தான், ஆனால் கோல்மன் ஹாக்கின்ஸ் வாசித்தால் கனமாக, அதிர்வோடு ஒலிக்கும். லெஸ்டர் யங்கிடம் லேசாக மிதக்கும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், ஒலியை அடக்க டிரம்பெட் வாயில் செருகும் ஹார்மன் மியூட்டின் நடுக்குழாயைக் கழற்றிவிட்டு மைக்கை ஒட்டி வாசிப்பார். மெல்லிய உலோகச் சிணுங்கல் கேட்கும். பியானோவோடு சேர்ந்து யாரோ முனகினால் கீத் ஜாரெட்டைச் சந்தேகிக்கலாம். பட் பவலும் முனகுவார், அவசரப்பட வேண்டாம்!

இசையைக் கேட்டே பெயர் சொல்லிவிடும் ஷசாம் செயலியைத் திறந்தால் ஆட்டமே கெட்டுவிடும். பெயர் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, "பாஸ் வாசிப்பவர் வில்லால் இழைக்கிறார், பால் சேம்பர்ஸோ?" என்று காரணத்தோடு எழுதுங்கள். வெறும் பெயரைவிட அதைத்தான் ஆசையாகப் படிப்பார்கள். அடுத்தவர் விடையைப் பார்ப்பதற்கு முன்பே உங்களுடையதைப் போட்டுவிடுங்கள்.