விலான் பிரித்த பிறகு ஒரு பக்கம் மட்டும் கேட்ட குரல்

வாய்ஸ் கேட்வேயில் (தொலைபேசி அழைப்புகளை நெட்வொர்க் வழியாகக் கடத்தும் கருவி) நிர்வாகத்துக்கு விலான் 10, குரலுக்கு விலான் 20 என்று (விலான் என்றால் ஒரே நெட்வொர்க்குக்குள் தனித்தனியாகப் பிரித்த பகுதி) பிரித்ததும் ஒரு வினோதம்: அழைப்பு போகிறது, மணி அடிக்கிறது, எடுத்தால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்கு வரவே இல்லை.

பலரும் உடனே கோடெக்கை (குரலை டிஜிட்டலாக்கும் முறை) மாற்றிப் பார்ப்பார்கள், அது வீண் வேலை. பாக்கெட் கேப்சர் எடுத்தேன், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவைப் பதிவுசெய்து பார்த்தேன். அழைப்பை ஏற்படுத்தும் சிப் (SIP) செய்திகள் விலான் 20 வழியாக ஒழுங்காகத்தான் போகின்றன, ஆனால் இன்வைட்டுக்குள் (அழைப்பைத் தொடங்கும் சிப் செய்தி) இருக்கும் எஸ்டிபியில் (குரலை எங்கே அனுப்புவது என்று சொல்லும் பகுதி) ஆர்டிபியை (குரலைச் சுமக்கும் பாக்கெட்டுகள்) அனுப்பச் சொல்லி விலான் 10-இன் ஐபி முகவரி உட்கார்ந்திருக்கிறது! எதிர்முனை அங்கே அனுப்ப, நடுவில் இருக்கும் ஃபயர்வால் தடுத்துவிடுகிறது. இந்தக் கேட்வேயில் சிக்னலிங்குக்கும் (சிப்) மீடியாவுக்கும் (ஆர்டிபி) இன்டர்ஃபேஸைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், மீடியா மட்டும் டீஃபால்ட்டாக முதல் இன்டர்ஃபேஸில் நின்றிருந்தது. அதை விலான் 20-க்கு மாற்றிச் சேவையை ரீஸ்டார்ட் செய்ததும் இரண்டு பக்கமும் குரல் வந்தது.

அப்புறம் டீஃபால்ட் கேட்வே, அதாவது தனி வழி எதுவும் சொல்லப்படாத பாக்கெட்டுகள் போக வேண்டிய ரூட்டரின் முகவரி. அது ஒன்றுதான் இருக்கலாம், குரல் பக்கமே வைத்தேன். ஆனால் அதற்கு முன்பே நிர்வாகக் கணினிகள் இருக்கும் சப்நெட்டுக்கு (ஐபி முகவரித் தொகுதி) விலான் 10 வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நாமே எழுதிவைக்கும் நிலையான வழி) போட்டுவிட வேண்டும், வரிசை மாறினால் கேட்வேயை நிர்வகிக்கும் வெப் பக்கம் கையை விட்டுப் போய்விடும், கன்சோல் கேபிளைத் தேட வேண்டியதுதான்.

ஸ்விட்ச் போர்ட்டில் விலான் 10-ஐ டேக் (பாக்கெட்டில் சேர்க்கும் விலான் எண்) இல்லாமல் அமைத்திருந்தால் கேட்வேயிலும் அப்படியே இருக்க வேண்டும், 20 இரண்டு பக்கமும் டேக்குடன். ஆர்டிபிக்கு டிஎஸ்சிபி 46 (பாக்கெட்டுக்கு முன்னுரிமை கேட்கும் குறி) வைத்தேன், ஸ்விட்ச் அதை மதிக்கும்படி அமைத்திருந்தால்தான் அதற்குப் பலன்.