ஓப்பன் இசட்எஃப்எஸ் மேம்பாட்டுப் பதிப்பு: முதல் சோதனை கோப்பிலேயே நடக்கட்டும்

ஓப்பன் இசட்எஃப்எஸ் என்பது டிஸ்க்குகளை நிர்வகித்துத் தரவைச் சேமிக்கும் திறந்தமூல கோப்பு முறைமை. அதன் மாஸ்டர் கிளையை, அதாவது மேம்பாட்டில் இருக்கும் மூல நிரலை, கிட் வழியாக இறக்கியதும் முதலில் திறக்க வேண்டியது ‘மெட்டா’ என்ற கோப்பு. எந்த லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதல் எதுவரை ஆதரவு உண்டு என்பது அதில் இருக்கிறது. உங்கள் கர்னல் அதைவிடப் புதியதென்றால் கம்பைல் ஆவதே சந்தேகம். இப்போது ஓடும் கர்னலின் அதே பதிப்புக்குரிய ஹெடர்களையும் (கம்பைல் செய்யத் தேவையான கர்னல் கோப்புகள்) நிறுவுங்கள். பிறகு ஆட்டோஜென், கன்ஃபிகர், மேக், வழக்கமான வரிசைதான்.

மாட்யூல், அதாவது கர்னலில் ஏற்றப்படும் இசட்எஃப்எஸ் பகுதி, ஏற மறுத்தால் ‘செக்யூர் பூட்’ என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். கையொப்பமில்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. பழைய மாட்யூல் ஏற்கெனவே ஏறியிருந்தாலும் புதியது நுழையாது. முதலில் அதைக் கழற்றுங்கள்.

சோதனைக்கு நிஜ டிஸ்க் எதற்கு? மெய்நிகர் கணினிக்குள் ட்ரங்கேட் கட்டளையால் 1 ஜிபி கோப்புகள் இரண்டை உருவாக்கி மிரர் பூல் (ஒரே தரவை இரண்டிலும் வைக்கும் சேமிப்புத் தொகுப்பு) அமையுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது 64 எம்பி இருக்க வேண்டும், முழுப் பாதையையும் தர வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது வேறிடத்தில். தரவு உள்ள பழைய பூலில் புதிய அம்சங்களை இயக்கும் ‘இசட்பூல் அப்கிரேட்’ கட்டளையைக் கொடுத்தால் திரும்ப வழியில்லை. புதிய அம்சங்கள் செயல்படத் தொடங்கியபின் நிலையான பதிப்பு அந்தப் பூலைத் திறக்க மறுக்கலாம். புதிதாக உருவாக்கும் பூலிலும் எல்லா அம்சங்களும் இயல்பாகவே இயக்கப்படும். பழைய பதிப்பிலும் திறக்க வேண்டுமென்றால், உருவாக்கும்போதே ‘கம்பாட்டிபிலிட்டி’ பண்பில் அந்தப் பதிப்பைக் குறித்துவிடுங்கள்.