வீட்டில் கட்டும் சிறிய விமானத்துக்கு மாறும் பிட்ச் புரொப்பெல்லர்: வாங்குமுன் போட வேண்டிய கணக்குகள்

விலைப் பட்டியலைத் திறக்குமுன் மூன்றை மேசையில் எடுத்து வையுங்கள்: எஞ்சின் கையேடு, விமானத்தின் நிறைக் கணக்குத் தாள், ஒரு கணிப்பான். எந்தப் புரொப்பெல்லர் என்பதைவிட, மாறும் பிட்ச், அதாவது பறக்கும்போதே பிளேட்டின் கோணத்தை மாற்றும் வசதி, உங்களுக்குத் தேவையா என்பதே முதல் கேள்வி.

நிலையான பிட்ச் புரொப்பெல்லர், கடுகண்ணாவை ஏற்றத்தையும் கொழும்புச் சமவெளியையும் ஒரே கியரில் ஓடும் லொறி மாதிரி. ஏறுவதற்கேற்பப் பிட்சைக் குறைத்தால், நேராகப் பறக்கும்போது எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுழலும். வேகத்துக்கேற்பக் கூட்டினால், ஏறும்போது எஞ்சின் முழு வலுவுக்கு வரவே வராது. இந்த இழுபறி உங்கள் விமானத்தில் எவ்வளவு பெரிது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதல் படி: கோணக் கணக்கு

பலரும் பூட்டும் ரோட்டக்ஸ் 912 யூ.எல்.எஸ். எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 100 குதிரைவலு, நிமிடத்துக்கு 5800 சுழற்சியில். கியர் விகிதம் 2.43. ஆகவே புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2387 தடவை, செக்கனுக்கு 39.8 தடவை சுழலும். விட்டம் 1.7 மீற்றர் என்றால், ஆரையின் முக்கால் பங்கு 0.64 மீற்றர். அந்த இடத்தில் பிளேட் செக்கனுக்கு 160 மீற்றர் ஓடுகிறது.

இனி விமானத்தின் வேகத்தைச் செக்கனுக்கு மீற்றராக்கி (மணிக்குக் கிலோமீற்றர் எண்ணை 3.6ஆல் வகுத்து), அதை 160ஆல் வகுத்து, கணிப்பானில் டான் இன்வர்ஸ் பொத்தானை அழுத்துங்கள். மணிக்கு 110 கிலோமீற்றரில் ஏறி 220இல் பறக்கும் விமானத்துக்கு, காற்று வந்து மோதும் கோணம் 11 பாகையிலிருந்து 21 வரை போகிறது. பத்துப் பாகை வித்தியாசத்தை ஒரே பிட்ச் தாங்காது. இங்கே மாறும் பிட்ச் போட்ட காசுக்குப் பலன் தரும். 90இல் ஏறி 140இல் பறக்கும் மெதுவான விமானத்துக்கோ 9இலிருந்து 14 பாகை வரைதான். அதற்குத் தரையில் வைத்து மாற்றும் புரொப்பெல்லர் போதும். மிச்சப்படும் பணத்தையும் நிறையையும் எரிபொருளுக்கு விடுங்கள். சுழற்சியைக் குறைத்துப் பறந்தால் கோணம் இன்னும் சற்றுக் கூடும். ஆனாலும் முடிவெடுக்க இந்தக் கணக்கு போதும்.

கொழும்புக்கு அருகே இரத்மலானை விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 1800 மீற்றர் ஓடுபாதை இருக்கிறது. ஆகவே அங்கே மேலெழும்புவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கரையோரமாகப் பறக்கப் போகிறீர்களா, மலைநாட்டைக் கடக்கப் போகிறீர்களா என்பதுதான் முக்கியம். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2524 மீற்றர்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். விமானக் கணக்குகளுக்கு அடிப்படையான நியம வளிமண்டலம் கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ். கொழும்பில் 32 என்றால் 17 பாகை அதிகம். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 120 அடி வீதம், தரையில் நிற்கும்போதே விமானம் 2000 அடி உயரத்துக் காற்றில் நிற்பதாக அர்த்தம். அதனால் குறையும் வலுவை எந்தப் புரொப்பெல்லரும் திருப்பித் தராது. இருக்கிற வலுவை வீணாக்காமல் எடுப்பது மட்டுமே மாறும் பிட்சின் வேலை.

இரண்டாம் படி: எண்ணெயா, மின்சாரமா

பிளேட்டின் கோணத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் வகைக்கு உள்ளீடற்ற தண்டும், கவர்னர் (சுழற்சியைக் கட்டுப்படுத்தும் கருவி) பூட்டும் இடமும் வேண்டும். 912 யூ.எல்.எஸ். இல் பெயரின் கடைசி எண் 3 என்றால் அவை இருக்கும்; 2 என்றால் நிலையான பிட்சுக்கு உரியது. கொன்டினென்டல் ஓ-200 போன்ற எஞ்சின்களில் அந்த வசதி இல்லை. அவற்றுக்கு மின்சார வகைதான் சுலபம். அதில் ஒரு சின்ன மோட்டாருக்குப் பிரஷ் வழியாக மின்சாரம் போகும். இரத்மலானையில் கடல் காற்று பக்கத்திலேயே வீசுவதால் பிரஷ்ஷையும் அது உரசும் வளையத்தையும் அடிக்கடி துடைத்துப் பாருங்கள்.

எந்த வகையானாலும் விற்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பழுதானால் பிளேட் எங்கே நிற்கும்? அதிக பிட்சில் மாட்டிக்கொண்டால், இறங்க வந்து திரும்பவும் மேலே ஏறும்போது எஞ்சின் திணறும். அந்த நிலையிலும் விமானம் ஏறும்படி பிட்சின் மேல் எல்லையை வைக்க முடியவேண்டும். கீழ் எல்லையில், நின்ற இடத்தில் முழுத் திரொட்டில் கொடுத்தாலும் சுழற்சி கையேட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது.

மூன்றாம் படி: நிறையும் இடைவெளியும்

மூக்கில் கூடும் ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தை முன்னே இழுக்கும். 450 கிலோ விமானத்தில், மையத்திலிருந்து 1.8 மீற்றர் முன்னால் 10 கிலோ கூடினால் மையம் ஏறத்தாழ 4 சென்டிமீற்றர் நகரும். பல சிறு விமானங்களுக்கு இது பெரிய நகர்வு. ரோட்டக்ஸ் கியர்பெட்டிக்குப் புரொப்பெல்லரின் சடத்துவத் திருப்பம் (சுழற்சி மாற்றத்தை அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) 6000 கிலோகிராம் சதுர சென்டிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. தயாரிப்பாளர் தரும் எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நுனிக்கும் தரைக்கும் இடையே மூக்குச் சக்கர விமானத்தில் குறைந்தது 7 அங்குலம், வால் சக்கர விமானத்தில் 9 அங்குலம் விடுங்கள்.

சரி, ஓர்டர் கொடுக்கலாமா? அதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையுடன் பேசுங்கள். இந்த எஞ்சினுக்கு இந்தப் புரொப்பெல்லர் பொருந்தும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதிர்வுப் பொருத்தம் தெரியாத உலோகப் பிளேட்டைத் தொடவே வேண்டாம். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மெனிபோல்ட் அழுத்தமானியையும் கூடவே வாங்குங்கள். சுழற்சி மாறாதபடி பிட்சைத் தானே மாற்றிக்கொள்ளும் புரொப்பெல்லரில் சுழற்சிமானி மட்டும் எஞ்சின் படும் பாட்டைக் காட்டாது. 912இல் நிமிடத்துக்கு 5200 சுழற்சிக்குக் கீழே முழுத் திரொட்டில் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது ரோட்டக்ஸ்.

பூட்டியதும் கோணத்தை அளக்க வேண்டும். சாவியைக் கழற்றி, பற்றரியையும் பிரித்துவிடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் பிளேட்டில் ஒட்டுநாடா ஒட்டிக் கோடு போடுங்கள். பிளேட்டைக் கிடையாக நிறுத்தி, கோட்டின் மேல் டிஜிட்டல் மட்டமானியை வைத்து எண்ணைக் குறியுங்கள். அடுத்த பிளேட்டையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையேட்டின் எல்லைக்குள் இல்லையென்றால் எஞ்சினை இயக்க வேண்டாம்; பிளேட்டைத் தளர்த்திச் சரிசெய்து மறுபடி அளந்து பாருங்கள்.