ஏஇபி: பிராக்கெட்டிங் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசைக்குள் நின்று முற்றத்தைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உடனே புரிந்துவிடும். முற்றத்து வெயிலுக்கு எக்ஸ்போஷர் (படத்துக்கு விழவிடும் ஒளியின் அளவு) வைத்தால் தூண்களும் கூரையின் சுதை வேலைப்பாடும் கறுத்துப்போகும். நிழலுக்கு வைத்தால் முற்றம் வெளிறிப்போகும். ஏஇபி எனப்படும் தானியங்கி எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் கைகொடுப்பது இத்தகைய இடங்களில்தான். கேமரா தான் அளந்த அளவில் ஒன்று, அதைவிட இருட்டாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என மூன்று படங்களை எடுக்கும். அவற்றைப் பின்னர் கணினியில் இணைத்துக்கொள்ளலாம். இணைத்த படம் திருப்தியாக வராதபோது பலர் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கோளாறு எடுத்த இடத்திலேயே நேர்ந்திருக்கும்: ஷட்டர் வேகத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் மாறியிருக்கும்.

ஷட்டர் பிரையாரிட்டியில், அதாவது ஷட்டர் வேகத்தை நாமே நிலைப்படுத்தும் முறையில், பிராக்கெட் செய்தால் கேமரா அபர்ச்சரை (லென்ஸின் ஒளித் திறப்பை) மாற்றும். எஃப்/8-இல் தொடங்கினால் ஒரு படம் எஃப்/4-இலும் இன்னொன்று எஃப்/16-இலும் பதிவாகி, பின்புறத் தூண்கள் ஒன்றில் மங்கலாகவும் மற்றதில் கூர்மையாகவும் இருக்கும். ஆகவே திறப்பை நிலைப்படுத்திவிட்டு வேகத்தைக் கேமராவிடம் விடும் அபர்ச்சர் பிரையாரிட்டியே பொருத்தம். ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவைக் கேமராவே மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்காமல் விடுவது இதைவிட நுட்பமான தவறு. அது கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாததால்தான் அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சில கேமராக்கள், குறிப்பாக மேனுவல் முறையில், ஷட்டர் வேகத்தைத் தொடாமல் ஐஎஸ்ஓவையே கூட்டிக் குறைக்கும். அப்போது வெளிச்சமான படம் திரையில் வெளிச்சமாகத் தெரிந்தாலும் சென்சாருக்குக் கூடுதல் ஒளி எதுவும் கிடைத்திருக்காது; நிழல் பகுதியின் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) அப்படியே இருக்கும், அந்தப் படத்தை எடுத்த நோக்கமே வீணாகிவிடும். ஃபோகஸையும் வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலையையும்) அதேபோல் முன்கூட்டியே நிலைப்படுத்திவிட வேண்டும்.

அடுத்தது, படங்களுக்கு இடையிலான இடைவெளி. ஒளியை இரட்டிப்பாக்குவதோ பாதியாக்குவதோ ஒரு ஸ்டாப். ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் அரை ஸ்டாப் பிசகினாலும் படம் கெட்டுவிடும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் வித்தியாசத்துக்குப் பொருள் இருந்தது. ரா கோப்பில் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) அவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிறகு எளிதாகச் சரிசெய்துகொள்ளலாம்; எனவே இணைப்பதற்காக எடுக்கும்போது இரண்டு ஸ்டாப் இடைவெளி வைப்பதே பயன் தரும்.

இடைவெளி சரியாக இருந்தாலும் நடுப்படம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8-இல் கேமரா 1/60 நொடியைத் தேர்ந்தெடுக்கிறது என்று கொள்வோம். இருட்டான படம் 1/250-க்கும் வெளிச்சமான படம் 1/15-க்கும் போகும். உச்சி வெயில் நேரடியாக விழும் வெளிர்நிறச் சுவருக்கு 1/250 நொடியில் விழும் ஒளி கூட அதிகம்தான். இருட்டான படத்தின் ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள்-வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வெளிச்சப் பக்கமான வலது ஓரத்தில் முட்டி நின்றால், கேமரா அளந்த எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். மூன்று படங்களும் சேர்ந்தே நகர்ந்து 1/500, 1/125, 1/30 என்று அமையும். நிழலுக்கு 1/30 போதாதென்றால், ஐந்து அல்லது ஏழு படங்கள் எடுக்கும் வசதி உங்கள் கேமராவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் பிடித்து எடுப்பவர்கள் நடுப்படத்தின் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ஆனால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் ஆட்டம் காண்பது வெளிச்சமான படம்தான். டிரைபாட் இருந்தாலும் ஷட்டர் பொத்தானை மும்முறை அழுத்தினால் கேமரா சற்றே அசையும். தொடர் படப்பிடிப்பு முறையில் ரிமோட்டைப் பயன்படுத்துவது நல்லது; பல கேமராக்களில் இரண்டு நொடி டைமரே மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிடும். இடையில் யாராவது நடந்து சென்றால் இணைத்த படத்தில் அவர் நிழலுருவாகப் பதிவார், அதனால் ஆள் நடமாட்டம் குறையும்வரை காத்திருங்கள். பிளாஷ் வேண்டாம், கேனான் கேமராக்களில் பிளாஷ் தயாரானாலே ஏஇபி ரத்தாகிவிடும்.

வேலை முடிந்ததும் ஏஇபியை அணைக்க மறப்பது எல்லோருக்கும் நேரக்கூடியது. கேனானில் பொதுவாகக் கேமராவை அணைத்தாலே அது நீங்கிவிடும். நிக்கானிலோ, வரிசையின் நடுவில் அணைத்தால், மறுபடி இயக்கும்போது விட்ட படத்திலிருந்தே தொடரும். அடுத்து எடுக்கும் குடும்பப் படம் காரணமே தெரியாமல் இரண்டு ஸ்டாப் வெளிறி வரலாம். கேமராவைப் பையில் வைக்கும் முன் திரையில் பிராக்கெட் குறி நீங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.