ஜீனோம் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் கோவை லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவின் இரண்டு ஜீனோம்களை (முழு டிஎன்ஏ வரிசைகளை) ஒப்பிட்டுவிட்டு வந்து "ஒண்ணுமே வித்தியாசம் இல்லீங்க்கா" என்றாள். ஒன்று கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுகிறது, இன்னொன்று கட்டுப்படவில்லை. ஆரம்பத்தில் இதே இடத்தில்தான் நானும் ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

ஸ்னிப் பட்டியலோடு நின்றுவிடுவது

ஸ்னிப் என்றால் டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும் இடம். அந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பது எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு. 2015இல் சீனாவிலிருந்து கொலிஸ்டின் எதிர்ப்பைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் எம்சிஆர்-1 ஜீன் பற்றிய செய்தி வந்தது, 2019இல் இந்தியாவில் பண்ணை விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுக்கத் தடை வந்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகள் பக்கத்திலேயே இருப்பதால் கொலிஸ்டின் என்றாலே எனக்கு எம்சிஆர்தான் ஞாபகம் வரும், அதையே தேடிக்கொண்டிருந்தேன். அது என் கிருமியில் இல்லை. ஸ்னிப் பட்டியலிலும் ஒன்றும் இல்லை.

உடைந்திருந்தது எம்ஜிஆர்பி என்ற குட்டி ஜீன். அதன் புரதம் வெறும் 47 அமினோ அமிலம்தான், ஆனால் அது போய்விட்டால் கிருமி தன் வெளிச்சுவரில் ஒரு சர்க்கரையை ஒட்டிக்கொள்கிறது, சுவரின் எதிர்மின் தன்மை குறைகிறது, நேர்மின் கொண்ட கொலிஸ்டினால் அப்புறம் சரியாக ஒட்ட முடிவதில்லை. ஏறத்தாழ 1200 எழுத்து நீளமுள்ள, டிஎன்ஏவில் இடம் விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று அதற்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. எந்த எழுத்தும் மாறவில்லை, அதனால் ஸ்னிப் வராது. எதிர்ப்பு ஜீன் தேடும் கருவிகளும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து சேர்ந்ததைத்தான் காட்டும், உடைந்ததை எல்லாக் கருவியும் பார்ப்பதில்லை.

கடைசியில் ரீடுகளை, அதாவது சீக்வென்சர் படித்துத் தரும் குட்டித் துண்டுகளை, திரையில் திறந்து பார்த்தேன். ஜீனுக்கு நடுவே ஒரே இடத்தில், கத்தரி வைத்த மாதிரி, எல்லா ரீடும் அறுந்து நின்றது. ரீடுகளை ஒட்டிச் சேர்த்த அசெம்பிளியில் அதே ஜீன் இரண்டு காண்டிக்குகளின் (ஒட்டி வந்த நீளத் துண்டுகளின்) ஓரத்தில் பாதி பாதியாகக் கிடந்தது. தாவும் துண்டு ஜீனோமில் பல இடங்களில் இருக்கும், குட்டை ரீடுகளால் அதைத் தாண்ட முடியாது. லாங் ரீட் எடுத்தால் முழுசாகத் தெரியும். எம்ஜிஆர்பி, போரின் (மருந்து உள்ளே நுழையும் வாசல் புரதம்) ஜீன்கள் இவற்றையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வேறு வேறு வம்சங்களை ஒப்பிடுவது

முதலில் எம்எல்எஸ்டி (சில அடிப்படை ஜீன்களை வைத்து வம்சத்தைச் சொல்லும் முறை) பாருங்கள். வம்சம் வேறென்றால் வரும் ஆயிரக்கணக்கான வித்தியாசங்களில் பெரும்பாலானவை மருந்து சம்பந்தப்பட்டவையே அல்ல. ஒரே நோயாளியிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஜோடி கிடைத்தால் அதை விடாதீர்கள்.

எஸ்எச்வி இருக்கிறது என்று குதிப்பது

எஸ்எச்வி என்பது பெனிசிலின் வகை மருந்துகளை உடைக்கும் என்சைமின் ஜீன். க்ளெப்சியெல்லா நிமோனியேவுக்கு அது பிறவியிலேயே உண்டு.

கொலிஸ்டினுக்கு டிஸ்க் வைப்பது

வேண்டாம். டிஸ்க் என்ற காகித வில்லையிலிருந்து மருந்து அகாரில் (கிருமி வளர்க்கும் ஜெல்லியில்) சரியாகப் பரவாது, பிராத் மைக்ரோடைல்யூஷன் (திரவத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள்.

கலந்த காலனி

55 லட்சம் எழுத்து வரவேண்டிய அசெம்பிளி 90 லட்சம் வந்தால், தட்டிலிருந்து மறுபடி ஒற்றைக் காலனி எடுங்கள்.