பழைய சலவை இயந்திரப் படங்களைச் சுருக்கிப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு வீடொன்றில் இரண்டாங்கட்டையோ மாடி அறையையோ ஒழிக்கும்போது, மங்குச் சாமான்களுக்கும் தேக்குப் பெட்டிகளுக்கும் இடையிலிருந்து துணி பிழியும் உருளைகள் பொருத்திய பழைய சலவை இயந்திரம் ஒன்று வெளிப்பட்டால், பெரும்பாலோர் முதலில் செய்வது கைபேசியில் அதைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்புவதுதான். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிற்கப் போன குடும்பங்கள் தருவித்த பொருள்களில் எது எந்த நாட்டில் செய்யப்பட்டது, எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பது பல வீடுகளில் இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. அதை அறிந்து சொல்லக்கூடியவர் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கலாம். அவர் கைக்குக் கிடைப்பது அந்தப் படம் மட்டுமே. எனவே அந்தப் படத்தை ஒரு சான்றாகக் கருதிக் கையாள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுருக்கும்போதும் அனுப்பும்போதும் நேர்கிற சில தவறுகளால், தெரிய வேண்டிய விவரம் அழிந்துபோகிறது. மறைய வேண்டிய விவரமோ, அதாவது வீடு இருக்கும் இடம், முழுதாக வெளியே போய்விடுகிறது.

ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடக்க நினைப்பது

இயந்திரம் முழுவதும் தெரியும்படி ஒரேயொரு படம் எடுத்து, அதையே சுருக்கி அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம், பிக்சல் என்னும் நுண்புள்ளிகளில் 4000 நீளமும் 3000 அகலமும் உடையது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள இயந்திரம் அதில் 3000 பிக்சல் அளவுக்கு நிற்கிறது என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பெயர்த்தகடு 300 பிக்சலில் அடங்கும். அந்தத் தகட்டில் வரிக்கு 20 எழுத்துகள் இருந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் 15 பிக்சல் கிடைக்கும், சிரமமின்றிப் படிக்கலாம். அதே படத்தின் நீளத்தை 1600 பிக்சலாகக் குறைத்தால் எழுத்துக்கு 6 பிக்சல்தான் மிஞ்சும். 800 ஆக்கினால் 3 பிக்சல். அந்த நிலையில் 3 எது, 8 எது என்று எவராலும் சொல்ல முடியாது. அழிந்த விவரத்தைப் பிறகு எந்தச் செயலியாலும் பெரிதாக்கி மீட்க முடியாது.

பெயர்த்தகடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இயந்திரத்தின் பிறப்பிடத்தைச் சொல்வது பெரும்பாலும் அதுதான். 110 முதல் 120 வோல்ட் வரையிலான மின்னழுத்தமும் நொடிக்கு 60 சுழற்சி என்ற அதிர்வெண்ணும் குறிக்கப்பட்டிருந்தால் அது வட அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 200 முதல் 250 வோல்ட்டும் 50 சுழற்சியும் இருந்தால் பிரிட்டனையோ அதன் மின்முறையைப் பின்பற்றிய நாடுகளையோ நோக்கி எண்ணம் செல்லும். அதிர்வெண்ணுக்கு ‘ஹெர்ட்ஸ்’ என்ற அலகு 1960-இல்தான் பன்னாட்டு அளவை மாநாட்டில் ஏற்கப்பட்டது. எனவே தகட்டில் அந்தச் சொல் இருக்கிறதா, ‘சைக்கிள்’ என்ற பழைய குறிப்பு இருக்கிறதா என்பதுகூடக் காலத்தைக் கணிக்க உதவும். இத்தகைய கணிப்பு முழுவதும் ஓரிரு எழுத்துகளில் தொங்குகிறது.

தகடு கழன்று போயிருந்தால் தொட்டியின் உட்புறமே அடுத்த சான்று. அமெரிக்காவின் மேடாக் நிறுவனம் 1922-இல் கொண்டுவந்த இயந்திரத்தில் துணியைக் கலக்கும் துடுப்பு தொட்டியின் அடியில், நடுவே அமைந்தது. 1948-இல் பிரிட்டனில் வெளிவந்த ஹூவர் இயந்திரத்திலோ, தண்ணீரைச் சுழற்றும் வட்டு தொட்டியின் பக்கச் சுவரில் இருந்தது. பிழியும் உருளைகளைக் கையால் சுற்ற வேண்டும். 1937-இல் அறிமுகமான பெண்டிக்ஸ் தானியங்கி இயந்திரம் முன்புறம் வட்டக் கண்ணாடிக் கதவு உடையது. அதன் அதிர்வைத் தாங்கத் தரையோடு திருகி இறுக்க வேண்டியிருந்தது. ஆகவே காலடியில் உள்ள ஆணித் துளைகூட ஒரு தடயமாகிறது. முன்பக்கத்தை மட்டும் அழகாக எடுத்த படத்தில் இவற்றில் பாதி தெரியாது.

முழு உருவத்துக்கு ஒரு படமும், பெயர்த்தகடு, தொட்டியின் உட்புறம், உருளைகள், அடியில் உள்ள மோட்டார், இயக்கும் நெம்புகோல், கால்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படங்களும் எடுக்க வேண்டும். இவற்றில் முழு உருவப் படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம். நெருக்கத்தில் எடுத்த படங்களைச் சுருக்குவதற்குப் பதிலாக, வேண்டாத ஓரங்களை வெட்டிவிட்டால் போதும். வெட்டும்போது மீதியுள்ள பகுதியின் பிக்சல்கள் அப்படியே இருக்கின்றன. சுருக்கும்போது படம் முழுவதும் பிக்சல்களை இழக்கிறது. கோப்பின் எடையைக் குறைக்க இரண்டும் உதவும் என்பதால் பலர் இவற்றை ஒன்றென்றே கொள்கிறார்கள்; சான்று வேண்டுபவர் முதலில் வெட்டவே முயல வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வளவு முற்றத்தில் உச்சி வெயிலும் சுற்றுப் பத்தியில் இருட்டும் இருப்பதால், பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இயந்திரத்தை நிறுத்தி எடுத்தால் வெள்ளை எனாமல் பூச்சு வெளுத்துப்போய், அதில் உள்ள வெடிப்பும் பெயர்ப்பும் மறைந்துவிடும். முழு நிழலில் வைத்து எடுப்பதே நல்லது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் சிவப்பும் பச்சையும் வெள்ளை எனாமலில் ஏறித் தெரியும் என்பதால், இயந்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்வது உண்மையான நிறம் பதிய உதவும்.

சுருக்கும்போது

சதுரமான படம் வேண்டும் என்பதற்காக நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது வட்டத் தொட்டி நீள்வட்டமாகிறது. உருளையின் நீளத்துக்கும் தொட்டியின் விட்டத்துக்கும் உள்ள விகிதம் பொய்யாகிறது. விகிதத்தைக் காக்கும் பூட்டு பெரும்பாலான செயலிகளில் உண்டு. அது பூட்டிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு பக்கத்தின் அளவை மட்டும் கொடுக்க வேண்டும்.

சுருக்கும் முறையும் முக்கியம். இர்ஃபான்வியூ செயலியில் வேகமான, தரம் குறைந்த முறை ஒன்றும், மெதுவான, தரம் உயர்ந்த முறை ஒன்றும் உள்ளன. ஜிம்ப் செயலியிலும் இத்தகைய தேர்வு உண்டு. தரம் குறைந்த முறை, இடையிடையே சில பிக்சல்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை வீசிவிடுகிறது. துளையிட்ட உட்தொட்டி, வரிவரியான ரப்பர் உருளை போன்றவற்றில் இது, இயந்திரத்தில் இல்லாத அலைக்கோலங்களை உண்டாக்கும். உயர்ந்த முறை, அண்டை பிக்சல்களைக் கணக்கில் கொண்டு புதிய பிக்சலை அமைக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு நொடி கூடுதலாகும் என்பதற்காகத் தரத்தை விடுவது வீண்.

ஒளிப்படங்களைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் ஜேபெக் வடிவம் 1992-இல் தரப்படுத்தப்பட்டது. படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரத்தைக் கழித்துவிட்டுச் சேமிப்பது அதன் வேலைமுறை. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இந்தக் கழிவு மீண்டும் நிகழ்கிறது. காலையில் வெட்டி, மதியம் வெளிச்சம் கூட்டி, மாலையில் சுருக்கி, ஒவ்வொரு முறையும் அதே கோப்பின் மேலேயே சேமித்தால் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும். மேலும், பெரும்பாலான செயலிகள் ஒளியைவிட நிறத்தைக் குறைந்த நுட்பத்தோடு சேமிப்பதால், வெள்ளை எனாமலில் சிவப்பில் பொறித்த நிறுவனப் பெயரே முதலில் கசியத் தொடங்கும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, அதிலிருந்து எடுத்த படியில் எல்லா வேலைகளையும் ஒரே அமர்வில் முடித்து, 85 முதல் 90 வரையிலான தர அளவில் ஒரே முறை சேமிப்பது சரியான வழி. ஒளிப்படத்தை, எந்த விவரத்தையும் கழிக்காத பிஎன்ஜி வடிவில் சேமிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. கோப்பு பல மடங்கு பெருகும். கையால் வரைந்த மின்சுற்று வரைபடத்துக்கு அது பொருத்தமானது.

‘72 டிபிஐ’, ‘300 டிபிஐ’ என்று குழம்பவே வேண்டாம். அது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று, தாளில் அச்சிடும்போது பயன்படும் குறிப்பு. திரையில் தெரியும் அளவைத் தீர்மானிப்பது பிக்சல் எண்ணிக்கையே.

மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கும் செயலிகளைப் பற்றிக் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அவை இழந்த விவரத்தை மீட்பதில்லை. அங்கே என்ன இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. மங்கிய 115 என்ற எண் கூர்மையான 116 ஆகவோ 175 ஆகவோ வெளிவரலாம். மங்கலாக இருந்தால் பார்ப்பவர் ஐயப்பட்டுக் கேட்பார். கூர்மையான பொய்யை ஐயப்பட அவருக்கு வழியில்லை. பெயர்த்தகட்டுப் படத்தில் இதைச் செய்யவே கூடாது.

பகிரும்போது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பினால், அது பொதுவாக நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கி, மேலும் அழுத்தப்பட்டே செல்கிறது. 2023-இல் வந்த எச்.டி. தேர்வில் தெளிவு கூடும் என்றாலும் அப்போதும் அழுத்தம் உண்டு. மூலப் படம் மாறாமல் போக வேண்டுமானால் அதை ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். வந்த படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து மற்றொருவருக்கு அனுப்புவது, திரையின் அளவுக்குள் மறுபடியும் ஒரு சுருக்கம்; அதை விட்டுவிட வேண்டும். ஐபோனில் 2017 முதல் வழக்கமான வடிவமாக உள்ள ஹெய்க் கோப்புகள் பல பழைய கணினிகளில் திறக்காது என்பதால், அனுப்புமுன் ஒருமுறை உயர்தர ஜேபெக்காக மாற்றிக்கொள்வது பெறுபவருக்கு வசதி.

ஆவணமாக அனுப்புவதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கைபேசிப் படத்தின் உள்ளே எக்சிஃப் என்னும் குறிப்புப் பகுதி உண்டு. எடுத்த நாள், நேரம், கைபேசியின் வகை ஆகியவற்றோடு, இடக்குறிப்பு வசதி இயக்கத்தில் இருந்தால் ஜி.பி.எஸ். ஆயங்களும், அதாவது இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும், அதில் பதிகின்றன. சாதாரணப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் இந்த இடக்குறிப்பை நீக்கிவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் அது அப்படியே போகிறது. பாகையில் நான்கு தசம இடம் வரை தெரிந்தாலே நிலத்தில் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். அதாவது, ஊர் மட்டுமல்லாமல் எந்தத் தெரு, எந்த வீடு என்பதும் தெரியும்.

செட்டிநாட்டில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய செய்தி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம், தேவகோட்டை என்று எங்கும், உரியவர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகள் உள்ளன. பழம்பொருளுக்கு விலை உண்டு என்பது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளைப் பார்த்த எவருக்கும் தெரியும். உள்ளே இன்ன பொருள் இருக்கிறது என்று காட்டும் படத்தோடு வீட்டின் இடத்தையும் சேர்த்து முன்பின் அறியாதவருக்கு அனுப்புவது, பூட்டிய வீட்டுக்கு வழி சொல்வதாகும். கைபேசிக் கேமராவின் அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிட்டே படமெடுக்கத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த படமானால், ஐபோனில் பகிரும்போது வரும் தேர்வுகளில் இடத்தை அணைக்கலாம். விண்டோஸ் கணினியில் கோப்பின் பண்புகளுக்குள் சென்று சொந்தத் தகவல்களை நீக்கலாம். நீக்கியபின் கோப்பை மீண்டும் திறந்து, ஆயங்கள் போய்விட்டனவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

படத்துக்குள்ளேயே தெரிவதையும் கவனிக்க வேண்டும். முகப்பில் பொறித்த வீட்டு விலாசம், நிலைக்கதவின் தனித்த வேலைப்பாடு, சுவரில் மாட்டிய குடும்பப் படங்கள் ஆகியவை பின்னணியில் விழுந்தால் ஆயங்கள் இல்லாமலே வீடு அடையாளப்படும். பளபளப்பான குரோமியப் பூச்சிலும் எனாமலிலும் படமெடுப்பவர் முகமும் அருகிலுள்ள குழந்தைகளும் பிரதிபலிப்பதுண்டு; பெரிதாக்கிப் பார்த்தபின் அனுப்புங்கள். மறைக்க வேண்டிய எழுத்தை ஒளி ஊடுருவும் தூரிகையால் பூசினால் வெளிச்சத்தைக் கூட்டி அதைப் படித்துவிடலாம் என்பதால், அந்த ஓரத்தை வெட்டி எறிவதே பாதுகாப்பு.

பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருந்தால், எடுத்த படத்தைப் பொதுவெளியில் போடுமுன் மற்றப் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். பொருளை விற்கப் போகிறார்கள் என்று ஒரு படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்வது எளிது. பிறகு அதைப் பேசித் தீர்ப்பது கடினம். பழம்பொருள் கடையில் எடுக்கும் படத்துக்கும் கடைக்காரர் அனுமதி தேவை. ஒப்பிட்டுக் காட்டுவதற்காக வேறொருவர் எடுத்த படத்தைச் சுருக்கி, அவர் பெயரை வெட்டிவிட்டுத் தம்முடையதுபோல் பகிர்வது சட்டப்படியும் தவறு. இந்தியாவில் ஒளிப்படத்துக்கான பதிப்புரிமை, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கிறது.

கைபேசி கொடுக்கும் எண்வரிசைப் பெயரோடு கோப்புகளை அனுப்பினால், பெறுபவர் கணினியில் எது தகடு, எது மோட்டார் என்று தெரியாமல் கலந்துவிடும். ‘தொட்டி உட்புறம்’, ‘மோட்டார் தகடு’, ‘இடப்பக்கக் கால்’ என்பதுபோல் பெயரிட்டு, தொட்டியின் விட்டம், இயந்திரத்தின் உயரம் ஆகியவற்றை நாடாவால் அளந்து செய்தியோடு எழுதி அனுப்ப வேண்டும். மூலக் கோப்புகளைக் கைபேசியில் மட்டும் விட்டுவைக்காமல் வேறொரு வட்டிலும் படியெடுத்து வைத்துக்கொண்டால், தகட்டின் ஒரு மூலையை இன்னும் பெரிதாகக் காட்டுங்கள் என்று அவர் கேட்கும்போது, பூட்டிய வீட்டை மறுபடி திறக்க ஊருக்கு வர வேண்டியிருக்காது.