இணையம் இல்லாத அறையில் நூலகர்களுக்குக் கோஹா பயிற்சி

பயிற்சியை இணையத்தை நம்பி அமைக்காதீர்கள். இணைப்பு போனால் வகுப்பு நின்றுவிடும். பயிற்சி முடிந்து திரும்பும் நூலகங்களிலும் பெரும்பாலும் அதே நிலைதான். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் டெபியன் என்னும் இயங்குதளத்தை நிறுவி, அதில் கோஹாவைப் போடுங்கள். இதுதான் உங்கள் சர்வர். 2000-இல் நியூசிலாந்து நூலகம் ஒன்றில் புழக்கத்துக்கு வந்த, நூலக வேலைகளுக்கான கட்டற்ற மென்பொருள் இது. உரிமக் கட்டணம் இல்லை. ஒரு வைஃபை ரூட்டர், இருவருக்கு ஒரு கணினி போதும். சர்வருக்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய்வந்ததும் முகவரி மாறி, யாருக்கும் கோஹா திறக்காமல் போகலாம்.

மாதிரித் தரவு வேண்டாம். ஒவ்வொருவரும் தம் நூலகத்திலிருந்து 20 புத்தகங்கள் கொண்டுவரட்டும். ஐஎஸ்பிஎன் இல்லாதவை, அட்டை கிழிந்தவை அவசியம் இருக்கட்டும். நூல் விவரங்களைப் பதியும் மார்க் 21 முறையில் முதல் நாளுக்கு 020 (ஐஎஸ்பிஎன்), 100 (ஆசிரியர்), 245 (தலைப்பு), 260 (வெளியீடு) ஆகிய புலங்கள் போதும். அதிகம் சிக்குவது 100-இல்தான். தலைப்பெழுத்தை ஒருவர் முன்னால் இடுவார், ஒருவர் பின்னால், இன்னொருவர் புள்ளியே வைக்காமல். தேடும்போது ஒரே ஆசிரியர் மூன்று பேராகிவிடுவார். விதியை முதலில் பலகையில் எழுதிப்போடுங்கள். பிறகு ஒருவர் பதிந்த புத்தகத்தை இன்னொருவர் தேடட்டும். கிடைக்காதபோதுதான் விதியின் அவசியம் புரிகிறது.

தட்டச்சு முழுக்க யூனிகோடில். பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து ஒட்டிய தலைப்பு தேடலில் வராது.

பார்கோடு ஸ்கேனர் கணினியின் கண்ணுக்கு இன்னொரு விசைப்பலகை. தாய்மொழித் தட்டச்சு இயங்கும்போது ஸ்கேன் செய்தால், பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் வேறாக விழும். புத்தகம் இல்லை என்று கோஹா சொல்லும். எண்கள் மட்டுமே உள்ள பார்கோடு அச்சிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

பழைய கணினியில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். இணையம் இல்லாததால் தானாகச் சரியாகாது. திரும்பக் கொடுக்க வேண்டிய தேதிகள் எல்லாம் தவறாகும். காலையில் முதல் வேலை தேதி பார்ப்பது.

கடைசி நாள் முழுவதையும் பேக்கப்புக்கு ஒதுக்குங்கள். இதைக் குறைக்கவே கூடாது. கோஹா தானாக எடுக்கும் தினசரி நகல் அதே ஹார்டு டிஸ்கில்தான் இருக்கும். டிஸ்க் போனால் அதுவும் போகும். கோஹா-டம்ப் கட்டளையால் எடுத்து, இரண்டு பென் டிரைவ்களில் மாற்றி மாற்றிச் சேமிக்கப் பழக்குங்கள். தரவுத்தளக் கோப்பு, அமைப்புக் கோப்பு இரண்டையும் எடுக்க வேண்டும். பிறகு வேறொரு கணினியில், அதே கோஹா பதிப்பில், கோஹா-ரீஸ்டோர் மூலம் ஒவ்வொரு குழுவும் மீட்டெடுக்கட்டும். முன்பே அதே பெயரில் ஒரு கோஹா அமைப்பு அங்கே இருந்தால் கட்டளை மறுக்கும். அதை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டி, தாம் பதிந்த 20 புத்தகங்களும் வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்க்கட்டும்.